காற்றுக்குக் காசு கொடுங்கள்

நிஜ விமானம் ஒன்றின் உடம்பில் அடித்திருக்கும் பெயின்ட், அடிப்பூச்சையும் சேர்த்து, ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கனம் இருக்கும். அதே விமானத்தை 1/72 அளவில் பிளாஸ்டிக்கில் செய்கிறோம் என்றால், நியாயப்படி பெயின்ட்டையும் 72-ஆல் வகுக்க வேண்டும். ஒன்றரை மைக்ரான்கூடத் தேறாது. அவ்வளவு மெல்லிசாக அடித்தால் கீழே இருக்கும் பிளாஸ்டிக்தான் தெரியும். ஆகவே அந்தக் கணக்கை யாரும் கடைப்பிடிப்பதில்லை. கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் விஷயம் உறைக்கும். சாதாரண பிரஷ்ஷால் இரண்டு கோட் அடித்தால், காய்ந்த பிறகு 0.04 மில்லிமீட்டர் கனம் சர்வசாதாரணமாக நின்றுவிடும். 72-ஆல் பெருக்குங்கள்: கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர். அந்தக் கனத்துக்குப் பெயின்ட் அப்பிய விமானம் ஓடுபாதையை விட்டுக் கிளம்புமா என்பதே சந்தேகம். மாடலில் தகட்டு இணைப்புக் கோடுகள் பாதி தூர்ந்துபோகும், ரிவெட்டுகள் காணாமல் போகும், பிரஷ் இழுத்த தடம் மட்டும் நிலைத்து நிற்கும்.

ஸ்கேல் மாடல் செய்கிறவர்கள் ஒரு கட்டத்தில் ஏர்பிரஷ் பக்கம் திரும்புவதற்கு இதுதான் முதல் காரணம். சரியாகக் கரைத்த பெயின்ட்டை ஏர்பிரஷ்ஷில் அடித்தால் ஒரு கோட் பத்து மைக்ரான் அளவில் நிற்கும். இன்னும் ஏழெட்டு மடங்கு அதிகம்தான். ஆனாலும் கண்ணை ஏமாற்ற அது போதும். பிரஷ்ஷாலேயே அற்புதம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை.

இரண்டாவது காரணம் விளிம்பு. இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் மெசர்ஷ்மிட் 109 விமானத்தின் பக்கவாட்டில் சாம்பல் நிறத் திட்டுகள் இருக்கும். அவற்றின் ஓரம் புகைந்து கரைந்திருக்கும். நிஜத்திலும் அது ஸ்பிரே கன்னால் அடித்ததுதான். 30 சென்டிமீட்டர் திட்டு 1/72 மாடலில் 4 மில்லிமீட்டர் ஆகிறது. 1/48-இல் 6 மில்லிமீட்டர். நாலு மில்லிமீட்டருக்குள் நடுவில் அடர்த்தியும் ஓரத்தில் மங்கலுமாக ஒரு திட்டு வைக்க வேண்டும், அதுவும் ஐம்பது அறுபது முறை, ஒன்றுபோல. வாங்கப் போகும் கருவியின் தகுதியை இந்த நாலு மில்லிமீட்டரை வைத்தே எடை போடலாம்.

புதிதாக வருகிறவர் கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி, “எந்த ஏர்பிரஷ் வாங்கலாம்?” அது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. முதலில் கேட்க வேண்டியது, காற்று எங்கிருந்து வரப்போகிறது என்பது. ஏன் என்று புரிய, கருவியின் மூக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

உள்ளே கூம்பாக ஒரு நாசில். அதன் நுனித் துளையை ஒரு நீண்ட ஊசி அடைத்துக்கொண்டிருக்கிறது. ஊசியைப் பின்னால் இழுத்தால் துளைக்கும் ஊசிக்கும் நடுவில் வளையமாக ஓர் இடைவெளி திறந்து, பெயின்ட்டுக்கு வழி விடும். நாசிலைச் சுற்றி வெளியே இன்னொரு வளைய இடைவெளி. அது காற்றின் வழி. நாசில் நுனியைத் தாண்டிக் காற்று பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது, பெயின்ட் வெளியே உறிஞ்சப்படுகிறது. வந்த பெயின்ட்டைக் காற்று பிய்த்துத் துளிகளாக்கி எறிகிறது.

உறிஞ்சுவது சுலபமான வேலை. பிய்ப்பதுதான் சிரமம். எந்தத் திரவத்தையும் அதன் பரப்பு இழுவிசை கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது; துளி சிறுக்கச் சிறுக்க அந்தப் பிடி இறுகும். துளியின் மேல் காற்று மோதும் விசைக்கும் இந்தப் பிடிக்கும் உள்ள விகிதத்தை, ஜெர்மனிக்காரரான மோரிட்ஸ் வெபர் பெயரால் வெபர் எண் என்கிறார்கள். அது ஏறக்குறைய 12-ஐத் தாண்டினால் துளி உடையும். இந்த விகிதத்தில் காற்றின் வேகம் இருமடியாக வருகிறது. அதாவது வேகம் இரண்டு மடங்கானால், தாக்குப்பிடிக்கக்கூடிய துளியின் அளவு நாலில் ஒரு பங்காகிவிடும்.

அப்படியானால் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் பொடிப்பொடியாகத் தூவலாமே என்று தோன்றும். அதற்கு ஒரு கூரை இருக்கிறது. குறுகலான வாய் வழியே வெளியேறும் காற்று, உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியழுத்தத்தைப்போல் சுமார் 1.9 மடங்கு ஆனதும் அந்த வாயில் ஒலியின் வேகத்தை எட்டிவிடும். அதற்கு மேல் அழுத்தம் கூட்டினால் அங்கே வேகம் ஏறுவதில்லை; வெளியேறும் காற்றின் அளவுதான் ஏறும். பிரஷர் கேஜ் கணக்கில் அந்த 1.9 மடங்கு என்பது 13 பிஎஸ்ஐ. ஹோஸிலும் வால்விலும் வழியில் இழப்பதைச் சேர்த்துக்கொண்டால் 15-இலிருந்து 20 வரை வரும். மாடல்காரர்கள் காலங்காலமாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும் அதே 15–20 பிஎஸ்ஐதான். அவர்கள் அனுபவத்தில் கண்டதும் இயற்பியல் சொல்வதும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. 35, 40 என்று வைத்தால் மிச்சக் காற்று, மாடலின் மேல் விழுந்த ஈரப் பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு போய் நாலா பக்கமும் கால் விரித்து ஓட வைக்கும்.

ஆக, நமக்கு வேண்டியது 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து லிட்டர் காற்று. கேட்க அற்பமாக இருக்கிறது. இதற்கு எது வேண்டுமானாலும் போதுமே என்று பலர் மீன்தொட்டி பம்ப்பில் ஆரம்பிக்கிறார்கள். பத்து மீட்டர் ஆழத் தண்ணீரின் அழுத்தம் 1 பார். 20 பிஎஸ்ஐ என்பது 14 மீட்டர் ஆழத்துக்குச் சமம். மீன்தொட்டியின் ஆழம் அரை மீட்டர், மிஞ்சினால் ஒரு மீட்டர். அந்த ஆழத்துக்குக் குமிழி விடுவதற்காகச் செய்த பம்ப்பிடம் பதினாலு மீட்டர் கேட்பது அநியாயம்.

கார் டயருக்குக் காற்றடிக்கும் 12 வோல்ட் பம்ப்புக்கு அழுத்தம் உண்டு, ஆனால் விடாமல் ஓட முடியாது. டயர் நிரம்பினால் ஓய்வு என்ற நம்பிக்கையில் செய்யப்பட்ட மோட்டார் அது. மணிக்கணக்கில் ஓட்டினால் கைவைக்க முடியாதபடி சூடாகும். பஞ்சர் கடையில் இருக்கும் பெல்ட் கம்ப்ரசர் நல்ல கருவிதான். வீட்டுக்குள் வைத்தால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள், காற்றோடு எண்ணெய்ப் பிசுக்கும் வரும். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரைக் கழற்றி ஒரு சிலிண்டரோடு வெல்டு வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. சத்தமே இருக்காது. பாதுகாப்பு வால்வும் இருக்காது. வெடித்தால் என்ன ஆகும் என்று யோசிக்கத் தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

காற்று அடைத்த கேனும் கிடைக்கிறது, ஸ்பிரே கேன் போலவே, பெயின்ட் இல்லாமல். உள்ளே திரவமாக இருக்கும் வாயு கொதித்து ஆவியாகித்தான் வெளியே வருகிறது. ஆவியாவதற்கான வெப்பத்தைக் கேனிடமே எடுத்துக்கொள்கிறது. ஐந்து நிமிடம் அடித்தால் கேன் சில்லென்று ஆகி மேலெல்லாம் ஈரம் பூக்கும், அழுத்தம் விழும். பாதி இறக்கையில் தூறல் போய்ச் சொட்டு வர ஆரம்பிக்கும். அதைவிட, நாலைந்து மாடலுக்கு வாங்கும் கேன்களின் விலையில் பாதிக் கம்ப்ரசர் வந்துவிடும்.

மிச்சம் இருப்பது ஏர்பிரஷ்ஷுக்கென்றே செய்த சின்ன பிஸ்டன் கம்ப்ரசர். எண்ணெய் வேண்டாதது, 1/6 அல்லது 1/5 குதிரைத்திறன், நிமிடத்துக்கு இருபது லிட்டரைச் சற்றுத் தாண்டித் தரும். பேச்சுச் சத்தத்துக்கு மேல் அதிகம் போகாது. சீனாவில் தயாராகும் ஒரே இயந்திரத்தைப் பல கம்பெனிகள் பல பெயர் ஒட்டி விற்கின்றன. ஏஎஸ்-18 என்ற வகையில் டேங்க் கிடையாது. ஏஎஸ்-186 என்ற வகையில் அடியில் 3 லிட்டர் டேங்க் இருக்கும். விலையில் வித்தியாசம் இருப்பதால் பட்ஜெட் பார்க்கிறவர்களின் கை முன்னதற்குத்தான் போகும். “மூன்று லிட்டர் டேங்கில் எவ்வளவு காற்றைத் தேக்கிவிட முடியும்?” என்று ஒரு நியாயமான கேள்வியும் கேட்பார்கள்.

உண்மைதான், தேக்க முடியாது. இந்த வகைக் கம்ப்ரசர் 4 பார் வந்ததும் தானே நிற்கும், 3 பாருக்கு இறங்கியதும் தானே ஓடும். அந்த ஒரு பார் வித்தியாசத்தில் 3 லிட்டர் டேங்க் நமக்குத் தருவது சாதாரண அழுத்தத்தில் 3 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 12 லிட்டர் செலவழித்தால் கால் நிமிடத்தில் காலி. டேங்கின் பயன் சேமிப்பில் இல்லை. அது துடிப்பை அடக்கும் சாதனம்.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இந்த மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1450 சுற்று ஓடும். ஒரு சுற்றுக்கு ஒரு தரம் பிஸ்டன் காற்றைத் தள்ளும்; அதாவது நொடிக்கு 24 தள்ளல். நிமிடத்துக்கு 23 லிட்டர் என்றால் ஒவ்வொரு தள்ளலுக்கும் 16 மில்லிலிட்டர். டேங்க் இல்லாவிட்டால் இந்தக் காற்று நேராக ஹோஸுக்குள் போகிறது. 4 மில்லிமீட்டர் உள்விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ள ஹோஸின் கொள்ளளவு 38 மில்லிலிட்டர். 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அதில் அடங்கியிருப்பது வெளிக்காற்றுக் கணக்கில் 90 மில்லிலிட்டர். அதற்குள் ஒவ்வொரு முறையும் 16 மில்லிலிட்டர் வந்து மோதினால் அழுத்தம் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு ஏறி இறங்கும். அதே 16 மில்லிலிட்டர், பதின்மூன்று லிட்டருக்கு மேல் காற்று அடைந்திருக்கும் டேங்குக்குள் போனால் ஏற்ற இறக்கம் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இப்போது கையை நொடிக்குப் பத்து சென்டிமீட்டர் வேகத்தில் நகர்த்தி ஒரு மெல்லிய கோடு போடுகிறீர்கள் என்று வையுங்கள். நொடிக்கு 24 துடிப்பு என்றால் நாலு மில்லிமீட்டருக்கு ஒரு துடிப்பு. டேங்க் இல்லாத கம்ப்ரசரில் கோடு நெடுகக் கனத்தும் மெலிந்தும் மணிமணியாக விழுவதன் ரகசியம் இதுதான். நாம் முன்னே பார்த்த 1/72 திட்டின் அகலமும் அதே நாலு மில்லிமீட்டர். ஆள் தன் கையைத்தான் நொந்துகொள்வார், குற்றம் பிஸ்டனுடையது.

டேங்குக்கு இன்னொரு வேலையும் உண்டு, தண்ணீரைப் பிரிப்பது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோரத்தில் 80 சதவீத ஈரப்பதம் புதிதல்ல; அப்போது அதில் 24 கிராம் ஏற்கெனவே இருக்கிறது. காற்றை நாலரை மடங்கு அமுக்கி, சூடு ஆற விட்டால், தாங்க முடியாத நீராவி தண்ணீராக விழுந்தே ஆக வேண்டும். நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் ஒரு மணி நேரம் விடாமல் அடித்தால் சுமார் 12 மில்லி தண்ணீர் பிரியும். அது டேங்கில் பிரிந்தால் நல்லது, அடியில் இருக்கும் திருகைத் திறந்து வடித்துவிடலாம். வடிக்காமல் விட்டால் டேங்க் உள்ளேயே துருப்பிடிக்கும். டேங்க் இல்லாவிட்டால் ஹோஸில் பிரியும். பம்ப்பிலிருந்து வரும் காற்று சூடாக இருப்பதால், ரெகுலேட்டரோடு ஒட்டியிருக்கும் தண்ணீர் வடிகட்டியைத் தாண்டி வந்து, ஹோஸில் ஆறி, சரியாக இறக்கையின் நடுவில் ஒரு சொட்டாகக் குதிக்கும். டேங்க் உள்ள கம்ப்ரசரிலும் மழைக்காலத்தில் இது நடக்கலாம். ஏர்பிரஷ்ஷின் கழுத்துக்கருகே பொருத்தும் இரண்டாவது சின்ன வடிகட்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் தொல்லை ஓயும்.

ஆகவே கம்ப்ரசரில் பார்க்க வேண்டியவை: டேங்க், தானாக நிற்கும் சுவிட்ச், கேஜோடு ரெகுலேட்டர், தண்ணீர் வடிகட்டி, பாதுகாப்பு வால்வு. வெளிநாட்டிலிருந்து வருவித்தால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்; அமெரிக்காவுக்குச் செய்த 110 வோல்ட் இயந்திரம் இங்கே முதல் நாளே புகையும். அழுத்தத்தை ரெகுலேட்டரில் வைக்கும்போது ஏர்பிரஷ்ஷின் விசையை அமுக்கிக் காற்றை ஓட விட்டபடியே வையுங்கள். ஓடாத காற்றுக்கு 20 காட்டும் கேஜ், ஓடும்போது 14-க்கு விழலாம். நமக்கு வேண்டியது ஓடும்போதுள்ள அழுத்தம்.

ஏர்பிரஷ்ஷின் அடியிலேயே திருகிக்கொள்ளும் பேட்டரி கம்ப்ரசர்கள் இப்போது மலிவாக வருகின்றன. பொம்மை வீரர்களுக்கு அடிப்பூச்சு போட உதவும். டேங்க் வைக்க அதில் இடமில்லை, பல மாடல்களில் அழுத்தத்தை விருப்பப்படி குறைக்கவும் வழியில்லை, எடை முழுவதும் கையில். முதல் கருவியாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி ஏர்பிரஷ். இதன் பிறப்பு மாடலுக்காக அல்ல, புகைப்படத்துக்காக. அமெரிக்காவில் பிரான்சிஸ் எட்கர் ஸ்டான்லி 1876-இல் நிறம் தூவும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார்; பின்னாளில் தன் இரட்டைச் சகோதரரோடு சேர்ந்து நீராவிக் கார் செய்து புகழ்பெற்ற அதே ஸ்டான்லி. அயோவா மாநிலத்து அப்னர் பீலர் சில ஆண்டுகளில் வேறொரு கருவி செய்தார், லிபர்ட்டி வாக்கப் அதை வாங்கி மேம்படுத்தி விற்றார். 1890-களில் சார்லஸ் பர்டிக் செய்த பேனா வடிவக் கருவியில்தான் காற்றும் நிறமும் மூக்குக்குள்ளேயே கலந்தன. இன்று நாம் வாங்குவது அந்தப் பர்டிக் கருவியின் வாரிசு. நூற்றுச் சொச்சம் ஆண்டாகியும் அடிப்படை மாறவில்லை என்பதால்தான் மலிவான ஏர்பிரஷ்ஷும் ஓரளவுக்கு வேலை செய்கிறது. உள்ளே நவீன ரகசியம் எதுவும் கிடையாது. கடைசல் வேலையின் துல்லியம்தான் எல்லாம்.

சிங்கிள் ஆக்‌ஷன் வகையில் விசையை அமுக்கினால் காற்றும் பெயின்ட்டும் சேர்ந்தே வரும். பெயின்ட் அளவை முன்கூட்டியே திருகி வைக்க வேண்டும். டபுள் ஆக்‌ஷனில் விசையை அமுக்கினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட். பழக ஒரு வாரம் கூடுதலாகப் பிடித்தாலும் இரண்டாவதையே வாங்குங்கள். அந்த நாலு மில்லிமீட்டர் திட்டை முதலாவதில் வைப்பது பெரும்பாடு. கிண்ணம் மேலே இருக்கும் கிராவிட்டி வகையில் பெயின்ட் தானாகவே நாசிலுக்கு இறங்குவதால் குறைந்த அழுத்தத்திலும் வேலை நடக்கும். பத்துச் சொட்டுப் பெயின்ட் போதும், வீணாகாது. பாட்டில் கீழே தொங்கும் வகை டி-ஷர்ட்டுக்கும் சுவருக்கும் நிறமடிப்பவர்களுக்கு.

நாசில் அளவில் எல்லோருக்கும் ஓர் ஆசை இருக்கிறது: சிறிய துளை என்றால் நுணுக்கமான வேலை, ஆகவே 0.2 மில்லிமீட்டர். துளையின் பரப்பு விட்டத்தின் இருமடியாக மாறும். 0.2-க்கும் 0.5-க்கும் ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம். அந்த 0.2 துளைக்குள் ஊசியும் நிற்கிறது என்பதை நினைவில் வையுங்கள். சரியாகக் கலக்காத பெயின்ட்டின் ஒரு சிறு கட்டி, ஒரு தூசி, நுனியில் காய்ந்த ஒரு மெல்லிய ஏடு, எது வந்தாலும் அடைப்பு. புதியவருக்கு முதல் மாதம் முழுவதும் அடைப்பு எடுப்பதிலேயே கழியும். 0.3 அல்லது 0.35 வாங்குங்கள். கோட்டின் மென்மையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஊசியின் கூர்மையும் கையின் நெருக்கமும், 0.3-இல் ஒன்றரை மில்லிமீட்டர் கோடு தாராளமாகப் போடலாம். 1/35 டாங்கி, 1/24 கார் என்று பெரிதாகச் செய்கிறவர்களுக்கு 0.5-உம் தவறில்லை.

ஓரிரு ஆயிரம் ரூபாய் விலையில் 130 என்ற எண்ணோடு வரும் சீனத் தயாரிப்புகள் எங்கும் கிடைக்கின்றன. ஒரே பெட்டியில் 0.2, 0.3, 0.5 என மூன்று நாசிலும் ஊசியும் கொடுக்கிறார்கள். இதில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது. கைக்கு வந்ததும் ஊசியைக் கழற்றி நுனியை லென்ஸில் பாருங்கள். நுனி ஒரே கூம்பாகப் பளபளவென்று இறங்க வேண்டும். கடைசல் வரிகள் வளைய வளையமாகத் தெரிந்தாலோ, நுனி கொக்கியாக மடிந்திருந்தாலோ தூறல் ஒரு பக்கமாகச் சாயும், பெயின்ட் நுனியில் சேர்ந்து காயும். பிறகு கிண்ணத்தில் தண்ணீர் விட்டு அடித்துப் பாருங்கள். கிண்ணத்தில் குமிழி கிளம்பினால் காற்று பெயின்ட் வழிக்குள் கசிகிறது. மூக்குப் பகுதி தளர்ந்திருக்கிறது, அல்லது நாசில் சரியாக உட்காரவில்லை. இந்த வகையில் நாசில், துணுக்குத் திருகாக மரையோடு வருகிறது. ஸ்பேனரைக் கையில் எடுத்ததும் நமக்கு வரும் வேகத்தில் ஒரு முறுக்கு முறுக்கினால் மரை உள்ளேயே முறிந்து நிற்கும். விரலால் திருகி, ஸ்பேனரால் சும்மா தொட்டு விட்டாலே போதும்.

கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் ஜப்பானிய இவாட்டாவின் நியோ சிஎன் 0.35 நாசிலோடு வருகிறது. அமெரிக்கக் கம்பெனி பேட்ஜரின் பேட்ரியட் 105-இல் 0.5, முரட்டுக் கைக்கும் தாங்கும். ஜெர்மனியின் ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக்கின் அல்ட்ராவில் நாசிலுக்கு மரையே கிடையாது, இடத்தில் வைத்து மூடினால் போதும்; புதியவர்களுக்கு இது பெரிய நிம்மதி. இவற்றில் எதை வாங்கினாலும், வாங்கும் முன் உதிரி ஊசியும் நாசிலும் நம் ஊருக்கு வந்து சேருமா என்று விசாரியுங்கள். ஊசி என்றாவது ஒரு நாள் கீழே விழும், விழுந்தால் நுனி குத்திக்கொண்டுதான் விழும். ஹோஸ் மரை பெரும்பாலும் 1/8 பிஎஸ்பி; பேட்ஜர் போன்ற சில கம்பெனிகள் தனி மரை வைத்திருக்கின்றன, அவற்றுக்கு அடாப்டர் தேவை.

மலிவு ஏர்பிரஷ்ஷில் விலை குறைவது இன்னோர் இடத்திலும் தெரியும்: உள்ளே இருக்கும் வாஷர்கள். நல்லவற்றில் டெஃப்லான் போன்ற, தின்னருக்கு அசையாத பொருள் இருக்கும், மலிவானவற்றில் ரப்பர். லாக்கர் தின்னரிலோ அசிட்டோனிலோ ரப்பர் உப்பிக்கொண்டு ஊசியைக் கவ்விப் பிடிக்கும். கார் பெயின்ட் கடையில் லிட்டர் கணக்கில் கிடைக்கும் என்.சி. தின்னரில் முழு ஏர்பிரஷ்ஷையும் ஊறப்போடும் பழக்கம் வேண்டாம். கழற்றிய நாசிலையும் ஊசியையும் மட்டும் கழுவுங்கள். மாடலுக்கான பெயின்ட்டை அதில் கரைப்பதும் ஆபத்து. மாடலின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கையே அது தின்னும்.

பெயின்ட் எவ்வளவு நீர்த்திருக்க வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் பால் பதம் என்பார்கள். கிண்ணத்தின் ஓரத்தில் ஏற்றி விட்டால் மெல்லிய படலமாக நிறம் நிற்க, மிச்சம் வழுக்கி இறங்க வேண்டும். அது சரியான அடையாளம்தான், ஆனால் அது பாகுத்தன்மையை மட்டுமே சொல்கிறது. பிய்ப்பதில் பரப்பு இழுவிசைக்கும் பங்கு உண்டு என்று பார்த்தோம். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். ஐசோபுரோபைல் ஆல்கஹாலுக்கு 22-ஐ ஒட்டி. அதே காற்றில் ஆல்கஹால் மூன்று மடங்கு நுண்ணிய துளியாக உடையும். ஜப்பானின் தமியா அக்ரிலிக் பெயின்ட், ஆல்கஹால் கலந்த எக்ஸ்-20ஏ தின்னரில் புதியவர் கையிலும் ஒழுங்காக அடிபடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஸ்பெயின் நாட்டு வயேஹோ தண்ணீர் சார்ந்த பெயின்ட். அதைக் குழாய்த் தண்ணீரில் கரைக்காமல் அந்தக் கம்பெனியின் தின்னரிலேயே கரையுங்கள். ஆல்கஹாலை அதில் ஊற்றினால் கிண்ணத்துக்குள்ளேயே திரிந்து கூழாகிவிடும், பிறகு ஒரு மணி நேரம் சுத்தம் செய்யலாம்.

துளி காய எடுக்கும் நேரம் அதன் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் நேரம் கால்வாசி. ஆகவே சித்திரை வெயிலில் இருபது சென்டிமீட்டர் தள்ளி நின்று நுண்ணிய தூறலாக அடித்தால், பெயின்ட் வழியிலேயே காய்ந்து பொடியாகத்தான் மாடலைத் தொடும். விரல் வைத்தால் மணல் தாள். கிட்டே போங்கள், அழுத்தத்தைக் குறையுங்கள், காய்வதைத் தாமதிக்கும் ரிடார்டர் சில சொட்டு விடுங்கள். ஐப்பசி மழையில் லாக்கர் அடித்தால் வேறொரு வம்பு. தின்னர் ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கிறது, காற்றின் ஈரம் அதன் மேல் பனியாகப் படிகிறது, பளபளப்புக்குப் பதில் வெள்ளை பூத்துப்போகும். மழை நின்ற நாளில் அடிப்பதே வைத்தியம்.

மூச்சு விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். பத்து மைக்ரானுக்குக் கீழான துளிகள் மூக்கில் நிற்காமல் நுரையீரல்வரை போகும். என்95 மாஸ்க் துளிகளைத் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது; லாக்கர் அடிப்பதானால் ஆவியை உறிஞ்சும் கரி அடைத்த கார்ட்ரிட்ஜ் மாஸ்க் அவசியம். ஜன்னலோரம் உட்கார்ந்து, காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது; பூஜை விளக்கும் நெருப்புதான். அக்ரிலிக்தானே, வாசனையே இல்லையே என்று சொல்லி வெறும் மூக்கோடு அடிப்பவர்களுக்கு ஒன்று: வாசனை இல்லாவிட்டாலும் நிறமிப் பொடி நுரையீரலில் படியத்தான் செய்யும்.

வருடத்துக்கு ஒரு காரை ஒரே நிறத்தில் அடிக்கப் போகிறவருக்கு ஸ்பிரே கேனே போதும், இவ்வளவு செலவு தேவையில்லை. தொடர்ந்து செய்கிற எண்ணம் இருப்பவர் கையில் இருக்கும் பணத்தைப் பத்துப் பங்காகப் பிரித்தால் ஆறு பங்கு டேங்க் உள்ள கம்ப்ரசருக்கு, மூன்று பங்கு 0.3 டபுள் ஆக்‌ஷன் கிராவிட்டி ஏர்பிரஷ்ஷுக்கு, ஒரு பங்கு மாஸ்க்குக்கும் இரண்டாவது தண்ணீர் வடிகட்டிக்கும் ஒரு உதிரி ஊசிக்கும். இரண்டு வருடம் கழித்து ஏர்பிரஷ்ஷை மாற்றத் தோன்றும், மாற்றிக்கொள்ளுங்கள். கம்ப்ரசரில் வாரம் ஒரு முறை தண்ணீரை வடித்து வந்தால் அடுத்த ஏர்பிரஷ்ஷுக்கும் அதுவே காற்று தரும்.